கவிதாவின் கட்டுரையை எழுதியது யார்?

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரி விரிவுரையாளர். கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து படிக்கும் கவிதா என்ற மாணவியின் கட்டுரை ஒரு பிழைகூட இல்லாமல் இருந்தது. சந்தேகப்பட்டு அதை ஏஐ செயலியில் போட்டு, "இதை நீ எழுதினாயா?" என்று கேட்டேன். "ஆம்" என்றது. அன்றே ஒழுங்குக் குழுவுக்குப் புகார்க் கடிதம் தட்டச்சு செய்தேன். அதில் கையொப்பமிட வேண்டிய துறைத்தலைவர் விடுப்பில் இருந்ததால் அனுப்ப முடியவில்லை. அடுத்த இரண்டு நாளும் கவிதாவைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விரிவுரையாளர்களான எங்களுக்கு ஏஐ பயிற்சி. என் கண்டுபிடிப்பைப் பயிற்சியாளரிடம் சொன்னேன்.

"யார் எழுதுனாங்கன்னு அதுக்குத் தெரியாது லா, அக்கா. நீங்க எழுதுனத ஏதாச்சும் போட்டுக் கேளுங்க" என்றார்.

கைவசம் இருந்தது அந்தப் புகார்க் கடிதம்தான். போட்டேன். அதையும் தானே எழுதியதாகச் சொன்னது.

கடிதத்தை அழித்தேன். கவிதாவை அழைத்துக் கட்டுரையை விளக்கச் சொன்னேன். தாளைப் பார்க்காமலே பத்து நிமிடம் பேசினாள். நடந்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"மொதல்ல என்கிட்ட கேட்டிருக்கலாமே, மேடம்" என்றாள்.

இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் மாணவரைத்தான் முதலில் கேட்கிறேன். எப்போதும் முன்வரிசையில் உட்கார்ந்துவந்த கவிதா மட்டும் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.