அண்ணி தீவில் முடிந்த காசு

என் அண்ணி திலகவதி வாயில்லாத பிறவி இல்லை. பத்து பேர் பார்க்க ஃபேக்டரி சூப்பர்வைசரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர். ஆனால் பெற்ற மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அவருக்கு ஜப்பான் வரைக்கும் விமானம் ஏற வேண்டியிருந்தது. துணைக்கு என்னையும் என் முட்டி வலியையும் இழுத்துக்கொண்டு போனார்.

"எப்படா ஊருக்கு வருவே?" இவ்வளவுதான் கேள்வி.

அண்ணி பிறந்தது எங்கள் ஊர் டுரியான் துங்கால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில். பதினெட்டு வயதில் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறியவர், முப்பத்தைந்து வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, அரிசியை விடச் சின்ன எலக்ட்ரானிக் சாமானில் கீறல் இருக்கிறதா என்று தேடினார். கண் கெட்டதுதான் மிச்சம். என் அண்ணன் வீராசாமி மண் லோரி ஓட்டினார். ஒரே பிள்ளை புவனேஷ். படிப்பில் கெட்டிக்காரன். பத்தொன்பது வயதில் ஸ்காலர்ஷிப் கிடைத்து ஜப்பானுக்குப் படிக்கப் போனவன் அங்கேயே வேலையில் ஒட்டிக்கொண்டான். அண்ணன் நெஞ்சு வலியில் போனபோதுகூட அவனால் முகம் பார்க்க வர முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்தான். இப்போது அண்ணிக்கு வேலையும் முடிந்துவிட்டது. மூன்று அறை வீட்டில் தனியாக டி.வி.யோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

"போன்லயே கேக்க வேண்டியதுதானே அண்ணி?" என்றேன் நான், பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் நிற்கும்போது.

"போன்ல கேட்டா போன்லயே இல்லன்னு சொல்லிடுவான் உஷா. மூஞ்சியப் பாத்துக் கேட்டா சொல்ல மாட்டான்."

சரி, வாங்க என்று போனோம். டிக்கெட்டும் அவன்தான் போட்டான். போய் என்ன? ஆறு நாள் ஆயிற்று, கேட்டபாடில்லை. அவன் காலை ஏழுக்குப் போனால் இரவு ஒன்பதுக்கு வருவான், சாப்பிடும்போதே கண் சொருகும். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடக் கேன்டீன் ஸ்டோர் அவ்வளவுதான் இருக்கும் அவன் வீடு. அதில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திங்கட்கிழமை எங்களுக்கு விமானம். ஞாயிறு ஒன்றுதான் அவனுக்கு லீவு.

"கடலுக்குப் போலாம்மா. சின்ன தீவு, ஃபெரில அரை மணி நேரம்தான்" என்றான்.

"நம்ம ஊர் உம்பாய் ஜெட்டில நின்னா தெரியாத தீவா? அதுக்கு இவ்ளோ தூரமா வரணும்?" என்றேன்.

"அத்தை, சும்மா வாங்க லா."

அந்தத் தீவின் பேரை நான்கு முறை சொல்லிக் கொடுத்தான், என் வாயில் நிற்கவில்லை. ஃபெரியில் ஏறியதுமே ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். முப்பத்திரண்டு வயதில் காதோரம் நரை. அண்ணி கடலைப் பார்க்கவேயில்லை, அவனையேதான் பார்த்துக்கொண்டு வந்தார். நான் முழங்கையால் இடித்தேன். "எழுப்பிக் கேளுங்க." அவர் தலையை ஆட்டினார். "தூங்கட்டும்."

தீவில் ஒரே ஒரு தெரு. கயிற்றில் காயும் கணவாய் மீன், நிறைய பூனை, கொஞ்சம் வயசானவர்கள், ஒரு சாப்பாட்டுக் கடை. வெயில் நம்ம ஊர் வெயில்தான். கடையில் அவன் அம்மாவுக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தான். அண்ணி சாப்பிடுவதை நிறுத்தினார். கேட்கப்போகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"புவன்..."

"என்னம்மா?"

"தண்ணி குடிடா. விக்கிக்கப் போவுது."

எனக்கு வந்த கோபத்தில் மீன் தலையை அப்படியே தட்டில் போட்டேன். அவனும் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அதற்குள் அவன் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமையும் விடாத ஆபீஸ்! "நீங்க மேல நடங்க, வந்துடறேன்" என்று கடை வாசலுக்குப் போய்விட்டான்.

நாங்கள் மேட்டுப் பாதையில் ஏறினோம். இருபது படி ஏறியதும் எனக்கு மூச்சு வாங்கியது. அங்கே பெரிய மரம் ஒன்று. அதன் அடியில் இடுப்பு உயரத்துக்கு ஆள் உருவத்தில் ஒரு கல். கழுத்தில் கட்டி நெஞ்சில் தொங்கும் சிவப்புத் துணி, முன்னால் கண்ணாடிக் குவளையில் வெள்ளையாக ஏதோ. அண்ணி சட்டென்று ஸ்லிப்பரைக் கழற்றினார்.

"உஷா, பாத்தியா! முனியாண்டி!"

பொய் சொல்வானேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் தோட்டத்தில் மரத்தடி, கல், சிவப்புத் துணி, குவளையில் சாராயம் என்று இப்படித்தானே உட்கார்ந்திருப்பார். அண்ணிக்கு ஆறு நாளாக இல்லாத தெம்பு வந்துவிட்டது. கைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துக் கல்லின் நெற்றியில் பூசினார். கோவில் மஞ்சள் துணி ஒன்று எப்போதும் வைத்திருப்பார். அதில் நம்ம ஊர் ஐம்பது காசை வைத்து முடிந்து, கல்லின் கழுத்துத் துணியில் கட்டினார்.

"முனியாண்டி, என் புள்ள புவனேஷைக் கொண்டாந்து சேத்துடுப்பா. அடுத்த ஆடிக்குள்ள சேத்துட்டா உனக்குக் கெடா வெட்டறேன்."

"இங்க வேண்டிக்கிட்டா இங்கதான் வந்து வெட்டணும் அண்ணி. கெடாவை ஏரோப்ளேன்ல ஏத்துவானா?"

"வாயக் கழுவுடி!" என்றார். ஆனால் சிரித்துவிட்டார். அந்தப் பயணத்திலேயே அவர் சிரித்தது அப்போதுதான்.

கீழேயிருந்து ஒரு ஜப்பான்கார அம்மா தண்ணீர்க் கேனோடு ஏறி வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். விபூதியையும் மஞ்சள் முடிச்சையும் பார்த்து நின்றுவிட்டார். திட்டப்போகிறார் என்று நான் ஒதுங்கினேன். அவரோ கேனைக் கீழே வைத்துவிட்டு அண்ணியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என்னவோ மெதுவாகச் சொன்னார், கண்ணில் தண்ணீர் வந்தது. அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் புவனேஷ் வந்தான். அந்த அம்மா அவனிடமும் பேசினார். அவன் முகம் மாறிவிட்டது.

"என்னடா சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல அத்தை. போலாம்."

"சொல்லுடா!"

"இது முனியாண்டி இல்ல. சின்னப் புள்ளைங்க செத்துப்போனா அதுங்களைப் பாத்துக்கிற சாமி. பெத்தவங்கதான் துணி தைச்சுக் கட்டுவாங்க. இவங்க மகன் ஆறு வயசுல இங்க கடல்ல போயிட்டானாம். அம்மா துணி கட்டியிருக்கறதைப் பாத்துட்டு, அம்மாவுக்கும் புள்ள போயிடுச்சுன்னு நினைக்கிறாங்க."

அப்போதுதான் மரத்துக்குப் பின்னால் பார்த்தோம். முழங்கை உயரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கற்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னல் குல்லா. ஒன்றின் முன்னால் பொம்மைக் கார் இருந்தது.

அண்ணி கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொண்டார். ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தார். இழுக்க இழுக்க அது இறுகிக்கொண்டது, கடைசியில் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார்.

"அய்யோ உஷா, இந்தச் சாமிகிட்டப் போய் என் புள்ள பேரைச் சொல்லிட்டேனே! கொண்டாந்து சேத்துடுன்னு சொல்லிட்டேனே!"

"யாரைம்மா? எங்க கொண்டாந்து சேக்கச் சொன்னீங்க?" என்றான் புவனேஷ்.

அண்ணி அந்த மஞ்சள் துணியைக் கைப்பையில் திணித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "உன்னைத்தான்டா! ஊருக்கு. அதைக் கேக்கத்தான் ரெண்டு கெழடும் இவ்ளோ தூரம் வந்திருக்கோம். வரமாட்டியா, சொல்லித் தொலை!"

அவன் அந்தப் படியிலேயே உட்கார்ந்தான்.

"நிரந்தரமா இங்கேயே இருக்கறதுக்கு பேப்பர் போட்டுட்டேன் அத்தை. போன மாசமே கிடைச்சிருச்சு. போன்ல சொன்னா அம்மா தனியா உக்காந்து அழுவாங்க. மூஞ்சியப் பாத்துச் சொல்லலாம்னுதான் டிக்கெட் போட்டேன். ஆறு நாளா என்னால சொல்ல முடியல."

அவனை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. அண்ணி அழவில்லை. முப்பத்தைந்து வருஷ அசதியும் அன்றைக்கு அவர் முகத்தில் தெரிந்தது. அந்த ஜப்பான்கார அம்மா இன்னும் அண்ணியின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

"புவன், எழுந்திரு" என்றார் அண்ணி.

எழுந்தான். அவன் கையைப் பிடித்து இழுத்து அந்த அம்மாவின் முன்னால் நிறுத்தினார்.

"என் புள்ள இதுதான், இருக்கான்னு சொல்லு அவங்களுக்கு."

"அம்மா..."

"எங்க இருந்தா என்னடா. இருக்கேன்னு சொல்லு."

அவன் சொன்னான். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னான். அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார், எட்டி அவன் கன்னத்தைத் தொட்டார், பிறகு அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டார். அண்ணியும் கும்பிட்டார்.