அவள் மூன்றில்தான் நின்றாள்

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த தமிழ்ப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து என் பாடத்தைப் பார்த்து, நல்லபடியாக எழுதிவிட்டுப் போனால்தான் கடிதம் வரும். அந்தக் கடிதத்துக்காக நான் செய்ததை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

மைனஸ் பின்னங்களைப் பெருக்குவதும் வகுப்பதும் பிள்ளைகளுக்கு வேப்பங்காய். அதற்காக நானே ஒரு விளையாட்டை உண்டாக்கியிருந்தேன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு. பள்ளி முற்றத்து சிமென்ட் தரையில் சாக்கட்டியால் நீளமாக ஒரு கோடு போடுவேன். நடுவில் பூஜ்யம், வலப்பக்கம் பிளஸ், இடப்பக்கம் மைனஸ். இடையிடையே கால், அரை, முக்கால் என்று சின்னக் கோடுகள். அட்டையில் கணக்கைக் கொடுப்பேன். வகுத்தல் என்றால், பூஜ்யத்திலிருந்து முதல் எண்ணைப் போய்ச் சேர, இரண்டாவது எண்ணின் அளவில் எத்தனை அடி வேண்டும் என்று நடந்தே எண்ண வேண்டும். பிறகு விடை எந்த எண்ணோ அதன் மேல் போய் நிற்க வேண்டும். சரியான விடை அட்டையின் பின்பக்கம் இருக்கும்.

மற்ற பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து நடப்பார்கள். ஒரே ஒரு பெண்தான் தரையைப் பார்த்து நடப்பாள். பதினான்கு வயது. அப்பா ஹார்பரில் மூட்டை தூக்குபவர். வயதுக்கு வந்த பெண்ணுக்கு இனி எதற்குப் பள்ளிக்கூடம் என்று சொந்தக்காரர்கள் நச்சரித்தபோது, "சார் நல்லா படிக்குதுன்னு சொல்ற வரைக்கும் அனுப்புறேன்" என்று என்னிடமே வந்து சொல்லிவிட்டுப் போனவர்.

இன்ஸ்பெக்டர் வரும் நாள். பழைய அட்டைகள் அழுக்காக இருந்ததால், காலையில் அவசர அவசரமாகப் புதிதாக எழுதினேன். வந்த வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியாது. முற்றத்து வெயிலுக்கு இறங்காமல் வராந்தா நிழலிலேயே நின்றுகொண்டார். பக்கத்தில் தலைமையாசிரியர். நான்கைந்து கணக்குகள் நன்றாகவே போயின. பிறகு அந்தப் பெண்ணின் முறை. மைனஸ் ஒன்றரையை மைனஸ் அரையால் வகுக்க வேண்டும். அவள் பூஜ்யத்திலிருந்து இடப்பக்கமாக அரை அரையாக மூன்று அடி வைத்தாள். திரும்பி வந்து பிளஸ் மூன்றின் மேல் நின்றாள்.

நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். முக்கால் என்று இருந்தது.

"தப்பு. முக்கால்ல போய் நில்லு" என்றேன்.

அவள் நகரவில்லை. "மூணு அடி வச்சேன் சார். நீங்கதான எண்ணச் சொன்னீங்க."

துரை பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி சொன்னேன். மறுபடியும் அவள் குனிந்து தரையைப் பார்த்தாளே தவிர, காலை எடுக்கவில்லை. "திமிரா? போய் சுவரோரமா நில்லு" என்று கத்தினேன். அடுத்த பையன் ஓர் அடிகூட எண்ணாமல் நேராக முக்காலில் போய் நின்றான். சொல்லி வைத்தபடி எல்லாரும் கைதட்டினார்கள். துரையும் தலையாட்டிச் சிரித்தார்.

அவர் போன பிறகு அட்டைகளை அடுக்கும்போதுதான் புரிந்தது. வகுத்தல் குறியைப் போட்டுவிட்டு, நான் மனதுக்குள் பெருக்கித் தொலைத்திருக்கிறேன். அவள் நின்றது சரியான இடம். அந்த நிமிடமே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். துரை எழுதி அனுப்பும் வரை பொறுப்போம் என்று என் புத்தி சொன்னது.

மறுநாள் காலை அவள் அப்பா வேலைக்குப் போகாமல் வந்து நின்றார். தலைமையாசிரியர் அறையில் என்னை வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆபீசர் முன்னாடி உங்கள எதுத்துப் பேசிட்டான்னு ஊரே சொல்லுது சார். அவ, நான் சொன்னதுதான் சரின்னு ராத்திரி பூரா அழுவுறா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அவ சொன்னது சரின்னா யார் என்ன பேசினாலும் நான் படிக்க வைக்கிறேன். தப்புன்னா, தப்பும் பண்ணிட்டு வாயும் பேசுற பொண்ணுக்கு இதோட போதும்."

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். என் கடிதம் இன்னும் வரவில்லை.

"தப்புதான். சின்னப் பொண்ணு, பரவால்ல, அனுப்புங்க" என்றேன். பின்பாதியைச் சேர்த்துக்கொண்டதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அப்படிப்பட்ட அயோக்கியன் நான். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் அதன் பிறகு பள்ளிக்கு வரவில்லை. இரண்டு வாரத்தில் என் கடிதம் வந்தது. பாடம் நடத்தும் முறை சிறப்பு என்று துரை எழுதியிருந்தாராம்.

ஏழெட்டு வருடம் கழித்து, குவீன்ஸ்டவுனில் பஸ்ஸுக்கு நின்றபோது, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் "சார், நல்லா இருக்கீங்களா?" என்றாள். அவள்தான். பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் வீட்டு வேலை செய்கிறாளாம். குழந்தையைக் காட்டி, "இவளாவது படிக்கட்டும் சார். எனக்குத்தான் கணக்கு ஏறல" என்று சிரித்தாள்.

"இல்லம்மா. அன்னைக்கு நீ நின்னதுதான் சரி. மூணுதான். தப்பு என்னோடது" என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் சுமந்ததை இறக்கி வைத்துவிட்டதாக நினைத்தேன்.

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "ஆறுதலுக்குச் சொல்றீங்க சார். அப்பாகிட்ட அன்னைக்கே சொன்னீங்களே, தப்புன்னு. பரவால்ல லா."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. அந்த அட்டையைத் துரை வந்து போன அன்றைக்கே திருத்தி, ஓய்வு பெறும் வரை எத்தனையோ பிள்ளைகளை அதே கோட்டில் மூன்றின் மேல் நிற்க வைத்தேன். அதில் நின்றதற்காகவே படிப்பை இழந்தவள் மட்டும், தனக்குக் கணக்கு வராது என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பாள்.