மங்களம் ஆண்ட்டி குடித்த பால்

திவ்யதர்ஷினியும் நானும் தாதியர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. புக்கிட் பெருவாங் பகுதியில் ஒரே வாடகை வீடு. பரீட்சைக்கு முதல் நாள் நான் அழுதுகொண்டு படிப்பேன்; அவள் நிம்மதியாகத் தூங்குவாள். எரிச்சலாக வரும்.

ஆஸ்பத்திரிப் பயிற்சியின் கடைசி வாரம் அது. பக்கத்து ஊரான குருபோங்கிலிருந்து வந்திருந்த மங்களம் ஆண்ட்டிக்கு மறுநாள் காலை பித்தப்பைக் கல் ஆபரேஷன். நான்கு மாதம் வலியோடு காத்திருந்து கிடைத்த தேதி. என்னென்ன கூடாது என்று விளக்கும் வேலை திவ்யாவுக்கு.

"ஆண்ட்டி, ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது..."

"அட, வெள்ளிக்கிழமை தவறாம விரதம் இருக்கிறவ நான்! எனக்கே சொல்றியா லா?"

பெரியவர்களிடம் மேற்கொண்டு எப்படிப் பேசுவது? திவ்யா சிரித்துவிட்டு, விளக்கியாயிற்று என்று தாளில் டிக் அடித்தாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் உறைக்கவில்லை.

காலையில் ஆண்ட்டி குளித்து, விபூதி பூசி, பிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் பால் குடித்திருக்கிறார். விரதத்தில் பாலும் பழமும் கணக்கில் வராதே! எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வார்டு சிஸ்டர் வந்து கேட்டதும் மறைக்காமல் சொன்னார். ஆபரேஷன் நின்றது. அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து.

"யாரும் சொல்லலையா?" என்று சிஸ்டர் மலாயில் கத்தினார்.

"பொண்ணு சொல்லுச்சு. நான்தான் கேக்கல" என்றார் ஆண்ட்டி, அதே மலாயில்.

இந்த மகாராணி திவ்யா வாயைத் திறப்பாளா என்று பார்த்தேன். திறந்தாள்.

"பாலைப் பத்தி நான் சொல்லவே இல்ல, சிஸ்டர்."

சிஸ்டர் அவளையும் திட்டிவிட்டுப் போனதும் ஆண்ட்டி திவ்யாவைப் பிடித்துக்கொண்டார். "உன்னைக் காப்பாத்தத்தானே பொய் சொன்னேன்? அதையும் கெடுத்துட்டியே, லூசு!"

யார் பக்கம் பேசுவதென்று எனக்குப் புரியவில்லை. இவள் சொன்னதும் சரி, அவர் விரதம் இருந்ததும் உண்மை. அப்புறம் தப்பு எங்கிருந்து வந்தது?

ஆண்ட்டி விலாவைப் பிடித்தபடி துணிகளை மடித்தார். "அடுத்த தடவை நீ இருப்பியா?"

"இல்ல ஆண்ட்டி. எங்க பயிற்சி வெள்ளிக்கிழமையோட முடியுது."

"அப்ப இப்பவே சொல்லு. எதெல்லாம் கூடாது?"

"பால் கூடாது. மைலோ கூடாது. பழமும் கூடாது."

"சாமி பிரசாதம்?"

திவ்யா என்னைப் பார்த்தாள்.

"அதுவும் கூடாது, ஆண்ட்டி."

ஆண்ட்டி சரி சரி என்று தலையாட்டினார். திவ்யா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தலைய ஆட்டாதீங்க ஆண்ட்டி. நான் என்ன சொன்னேன்னு நீங்க ஒருவாட்டி சொல்லுங்க."