பத்து நிமிடத்தில் நான் அடித்த குரூப்

பத்தாம் வகுப்பில் என் பேத்தி கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கினாள். என் கண்ணில் பட்டது குறைந்த நான்கு மதிப்பெண்தான். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் அதிகாரியாக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குக் கணக்கு கட்டாயம். எனக்கோ அவள் டாக்டராக வேண்டும்.

பிளஸ் ஒன் சேர்க்கையன்று அவள் ஜெராக்ஸ் எடுக்கப் போனாள். அந்தப் பத்து நிமிடத்தில், படிவத்தில் அவள் எழுதியிருந்த குரூப்பை அடித்துவிட்டு, கணக்கு இல்லாத அறிவியல் குரூப்பை எழுதிக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, பிள்ளைகிட்ட கேட்டியளா?" என்றார் கிளார்க்.

"உம்ம சோலியப் பாரும்வே!" என்றேன்.

அவளுக்குத் தெரியவந்தபோது கணக்கு குரூப்பில் அறுபது இடங்களும் நிரம்பிவிட்டன. இரண்டு வருடம் கழித்து, நீட் மதிப்பெண்ணுக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. கப்பல் படிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியவில்லை.

போன வாரம் பி.எஸ்சி. விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் எழுந்துவிட்டாள்.

"ஏளா, எங்க போற?"

"ஜெராக்ஸ் எடுக்க. இந்தத் தடவை படிவத்தையும் கொண்டுட்டுப் போறேன், தாத்தா."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும், என் சட்டைப்பையில் பேனா இருக்கும்வரை அவள் செய்வதுதான் சரி.