அட்டைப்படத்துத் தோள்

கத்தரிக்கோலின் முனையால் வாரப் பத்திரிகையின் பின்னை நெம்பி, அட்டையை உருவிக்கொண்டு, மிச்சப் புத்தகத்தை மனைவி பக்கம் தள்ளுகிறார் தையல்காரர். கதை, துணுக்கு எல்லாம் அவளுக்கு. வாராவாரம் இவருக்கு வேண்டியது மேலட்டையில் வரைந்திருக்கும் பெண்தான். அவளைச் சுவரில் குத்திவிட்டு, வாயில் குண்டூசியோடு நின்று பார்ப்பார். கழுத்து வளைவு, கைச் சுருக்கம், முதுகில் தொங்கும் முடிச்சு. ஓவியன் தூரிகையால் இழுத்ததை நூலால் இழுத்துவிடலாம் என்று ஒரு மிதப்பு. "படத்தைக் காட்டுங்க, தைச்சுக் குடுத்துடறேன்" என்பது கடைக்கு வருகிறவர்களிடம் அவர் அடிக்கும் சவடால்.

மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து கொக்கி கட்டும் மனைவி விடமாட்டாள். "அட்டையில இருக்கறவளுக்கே தைச்சுக் குடுங்க. அவ வந்து கூலி குடுப்பா."

போன மாதம் எதிர்ச் சந்து நர்ஸம்மா வந்தாள். நாற்பது தாண்டியவள், எப்போதும் தொளதொளவென்றே போடுகிறவள். தங்கை கல்யாணத்துக்கென்று எடுத்த பட்டுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்தவளையே பார்த்தாள். அந்த மாதிரி ரவிக்கை தனக்கு எடுக்குமா என்று கேட்பதற்குள் அவளுக்குக் குரல் உள்ளே போய்விட்டது. பிரமாதமாய் எடுக்கும் என்றார். அளவும் ஒழுங்காகத்தான் எடுத்தார். வெட்டும்போதுதான் கண் அட்டைக்குப் போனது. படத்துப் பெண்ணுக்குத் தோள் இரண்டு விரற்கடை. எலும்பும் சதையும் உள்ள எவளுக்கும் அப்படித் தோள் கிடையாது. கையில் இருந்த சாக்பீஸ் அந்தத் தோளைத்தான் வரைந்தது. கத்தரி அதன் பின்னாலேயே போனது. வெட்டிய துணி வளராது. தெரிந்தேதான் தைத்து முடித்தார்.

நர்ஸம்மா போட்டுப் பார்க்கப் போன திரைக்குப் பின்னால் வெகுநேரம் மூச்சிரைக்கும் சத்தம். வெளியே வந்தவள் ரவிக்கையை மடித்துப் பலகைமேல் வைத்தாள்.

"உங்க மேல குத்தமில்லண்ணே. என் உடம்பு அப்படி. நான் ஆசைப்பட்டிருக்கக் கூடாது."

இவர் வாயைத் திறந்தார். வந்ததோ, "கொஞ்சம் சதை போட்டிருக்கீங்கம்மா, அதான்."

அவள் தலையாட்டினாள். கூலியையும் வைத்துவிட்டுப் போனாள். இந்த மனுஷன் அதையும் எடுத்துக்கொண்டார்.

மனைவி கொக்கியைக் கீழே வைத்தாள். "நாந்தான் தப்பா வெட்டிட்டேன்னு சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?"

நர்ஸம்மா வீட்டுக் கதவு கடையிலிருந்து பார்த்தால் தெரியும். ஒரு நாள் செருப்பை மாட்டினார், கழற்றிவிட்டார். அதற்குள் கல்யாணமும் முடிந்துவிட்டது. பழைய தொளதொளப்பைப் போட்டுக்கொண்டு போட்டோவில் கடைசி வரிசையில் நின்றாளாம். மனைவிதான் கேட்டுவந்து சொன்னாள். இந்த வாரமும் புத்தகம் வாங்கினார். வெட்கங்கெட்ட கை, அட்டையை உருவாமல் இருக்கவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வருகிற நர்ஸம்மா கடை வாசலில் நின்று, "என்னண்ணே, வேலை ஜாஸ்தியா?" என்று எப்போதும்போல் கேட்கிறாள். இவர் தலையைத் தூக்காமல் மெஷினை மிதிக்கிறார், ஊசிக்கு அடியில் துணியே இல்லாமல்.