மகளோட கலண்டர் மாதிரியே

மென்பொருள் எழுதுவதில் பெரிய கஷ்டம் இல்லை. ஊருக்கே பழக்கமான இன்னொரு மென்பொருளின் முகத்தை அதற்கு ஒட்டிக் கொடுப்பதுதான் கஷ்டம். "அதே மாதிரி வேணும்" என்று கேட்டவுடன் ஒளிய இடம் தேடிப் பழகியவர்கள் யாராவது இதை வாசித்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

நான் புசல்லாவையிலிருந்து பஸ் ஏறி கண்டிக்கு வேலைக்கு வருகிறவள். மார்க்கெட்டுக்குக் கிட்ட, ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பனி. பொஸ் சிவபாலன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷன். "இல்லை" என்ற சொல் மட்டும் அவருக்கு வாயில் வராது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் வேலாயுதம் முதலாளி ஒருநாள் எங்கள் படியேறி வந்தார். மண்டபத்துப் பதிவுகளை அதுவரை அவருடைய மகள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா ஒஃபிசிலும் இருக்கிற ஒரு பிரபலமான மின்னஞ்சல் மென்பொருளின் கலண்டரில்தான் அவள் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தாள். கல்யாணமாகி மெல்பர்னுக்குப் போகும்போது லேப்டொப்பை அப்பாவிடம் விட்டுவிட்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கப் பழக்கிவிட்டுப் போயிருந்தாள். ஆனால் அதில் சாப்பாட்டு விபரம், கதிரைக் கணக்கு எல்லாம் போட இடமில்லை. அதனால் மண்டபத்துக்கென்று சொந்தமாக ஒன்று வேண்டும் என்றார். அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தார். "பார்க்கிறதுக்கு மட்டும் மகளோடது மாதிரியே இருக்கணும்."

சிவபாலன் சேர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "ஓம், அதுக்கென்ன."

நீலம்

எங்கள் தொழிலில் கலண்டரை யாரும் அடியிலிருந்து எழுதுவதில்லை. தைத்த சட்டையை வாங்குவது போல ரெடிமேடாக ஒன்றை வாங்கி, கைநீளம் குறைத்து, பொத்தான் மாற்றி நம்முடையதாக்கிக்கொள்வோம். நான் வாங்கிய கலண்டர் வெள்ளையும் சாம்பலுமாக இருந்தது. அதற்கு அந்தப் பிரபலமான மென்பொருளின் நீலத்தைப் பூசினேன். கண்மதிப்பாகப் பூசவில்லை. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் உண்டு. அதன் எண்ணையே எடுத்துப் போட்டேன்.

முதலாளி மகளின் லேப்டொப்பைக் கொண்டுவந்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மகளோடது கொஞ்சம் பச்சை ஓடின நீலம். இது சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போடுற காற்சட்டை நீலம்" என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கொஞ்சம் துருவிப் பார்த்ததில் காரணம் அகப்பட்டது. அப்பாவின் கண் எரியக்கூடாது என்று திரை மஞ்சளடிக்கிற மாதிரி மகள் மாற்றி வைத்திருந்தாள். அதை நிறுத்தியதும் இரண்டு நீலமும் ஒன்றாகின. எனக்கு நிம்மதி. முதலாளிக்கு முகம் வாடிவிட்டது. மஞ்சளைத் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். இரண்டுக்கும் ஒரே நம்பர்தான் ஐயா என்று கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். என்னையும் அவர் மகள் என்றுதான் கூப்பிடுவார்.

"எனக்கு நம்பர் வேணாம் மகள், நீலந்தான் வேணும்."

கிழமையின் முதல் நாள்

மண்டபத்து ஒஃபிசில் பதிவுகளை எடுக்கிறவர் ரோஸ்லின் அக்கா. மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவர். போனில் "வணக்கம்" சொன்னாலே ராகம் இருக்கும். மகளின் கலண்டரில் கிழமை திங்களில் தொடங்கியதால் நானும் பழகிப் பார்ப்பதற்கு அப்படியே செய்து கொடுத்தேன். ரோஸ்லின் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "சுகந்தி, எங்க வீட்டுக் கலண்டர், பேங்க் கலண்டர், கோயில் கலண்டர் எல்லாத்துலயும் ஞாயிறுதான் முதல்ல. இதுல மட்டும் கொண்டுபோய்க் கடைசில வச்சிருக்கீங்க" என்றார். முதலாளி திங்களை விட்டு அசையவில்லை. இருவரும் தனித்தனியாக சிவபாலன் சேருக்குப் போன் எடுத்தார்கள். சேர் வந்து என் மேசையருகே நின்றார். "ரெண்டு பேருக்கும் ஓம் எண்டு சொல்லிப்போட்டன் பிள்ளை. ரெண்டையும் செய்துவிடும்" என்றார்.

விருப்பம்போல மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான் வைத்தேன். அதுதான் வினையாகியது. இருந்தது ஒரே கம்ப்யூட்டர். காலையில் வந்ததும் ரோஸ்லின் அக்கா ஞாயிறுக்கு மாற்றுவார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து முதலாளி திங்களுக்கு மாற்றுவார். ஒருநாள் போனில் கேட்டவருக்கு, பழக்கதோஷத்தில் ஐந்தாவது கட்டத்தைப் பார்த்து வியாழன் காலியாக இருக்கிறது என்று அக்கா சொல்லிவிட்டார். அது வெள்ளி. நல்லவேளையாக அவர் பூப்புனித நீராட்டு விழாவுக்கு நாள் பார்க்க நேரில் வந்ததால் தப்பித்தோம். யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கக்கூடாதா அக்கா என்று கேட்டேன்.

"சம்பளம் தர்றது முதலாளி, அது சரி. கிழமைய உண்டாக்கினது அவர் இல்லையே."

இடது பக்கம், வலது பக்கம்

முதலாளி கேட்ட பச்சை ஓடின நீலத்தையே பூசி, எழுத்தையும் கட்டங்களையும் மகளின் லேப்டொப்பில் தெரிந்த அளவுக்குப் பெரிதாக்கி, எல்லாம் முடிந்து காட்டுகிற நாள் வந்தது. எங்கள் ஒஃபிசில் ஒரே திரையில், இடது பக்கம் அசல் மென்பொருளையும் வலது பக்கம் எங்களுடையதையும் திறந்து வைத்தேன். முதலாளி வந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நேராக இடது பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார். நீலம் சரியில்லை என்றார். எழுத்து சின்னதாக இருக்கிறது, கட்டங்கள் நெருக்கமாக இருக்கின்றன, இன்றைய நாள் எது என்று தெரியவில்லை என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். உலகம் முழுக்கப் பாவிக்கிற ஒரு மென்பொருளின் குறைகளை அவ்வளவு பொறுமையாக ஒருவர் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் சிவபாலன் சேரின் சப்பாத்து என் கால்மேல் ஏறியது. "திருத்தித் தாறம் ஐயா. இப்ப இந்தப் பக்கத்தை ஒருக்காப் பாருங்கோ" என்றார் சேர். முதலாளி வலது பக்கம் திரும்பினார். பிறகு போனை எடுத்து, மெல்பர்னுக்கு அனுப்ப ஒரு படம் பிடித்துக்கொண்டார்.

"இதுதான் மகளோடது. இத நல்லாப் பாத்துட்டு அத சரிப்பண்ணுங்க."

அழகுக்கு ஒன்று

அசலின் இடது ஓரத்தில் இருந்த சின்னச் சின்னப் படங்கள் எல்லாம் அப்படியே வேண்டும் என்று முதலாளி பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். எங்கள் மென்பொருளில் கடிதம் அனுப்புகிற வசதியே கிடையாது. ஆனாலும் கடித உறையின் படத்தை வைத்தேன். கொஞ்ச நாளில் ரோஸ்லின் அக்கா போன் எடுத்தார். பதிவு செய்தவர்களுக்கெல்லாம் உறையை அமுக்கி அமுக்கி விபரம் அனுப்பியும் ஒருவர்கூடப் பதில் போடவில்லையாம். அது வெறும் படம் அக்கா, அமுக்கினால் எங்கேயும் போகாது என்றேன்.

"அப்ப ரோட்டோரமா அழகுக்கு ஒரு தபால் பெட்டி நட்டு வச்சிருக்கீங்க."

பக்கத்துப் பக்கத்தில்

அசல் மென்பொருளில் ஒரே நேரத்துக்கு இரண்டு விஷயம் பதிந்தால், அது தடுக்காது. கட்டத்தை இரண்டாகப் பிளந்து பக்கத்துப் பக்கத்தில் காட்டும். ஒஃபிஸ் கூட்டங்களுக்கு அது போதும். மண்டபத்துக்கு அது ஆபத்து என்று தோன்றியதால் ஆரம்பத்திலேயே கேட்டேன்: "ரெண்டு கல்யாணம் ஒண்ணா விழுந்தா தடுத்துரவா ஐயா?" "மகளோடதுல தடுக்குதா?" "இல்ல." "அப்ப இதுலயும் வேணாம்."

ஒருநாள் ரோஸ்லின் அக்கா போன் எடுத்தார். குரலில் ராகமே இல்லை. அடுத்த கிழமை சனிக்கிழமை, ஹுன்னஸ்கிரிய தோட்டத்துக் கல்யாணம் ஒன்றை முதலாளி பதிந்திருந்தார். அதே நாளுக்கு அம்பிட்டியாவிலிருந்து ஒரு கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பத்தின் கல்யாணத்தை அக்கா பதிந்திருந்தார். இரண்டும் நல்ல அயலவர்கள் மாதிரி ஒரே கட்டத்துக்குள் ஒட்டி நின்றன. வாசலில் வாழைமரம் கட்டுவதா, வெள்ளைத் துணி கட்டுவதா என்று சோடனைக்காரர் வந்து கேட்டபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. இரண்டு வீட்டிலும் அழைப்பிதழ் கொடுத்து முடிந்திருந்தது. நானும் சேரும் ஆட்டோ பிடித்துப் போனோம். வெறும் மண்டபத்தில் முதலாளி தனியாக ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஏசுவார் என்றுதான் போனேன். "இந்த மண்டபத்து வாசல்ல ஒரு பொண்ணு வீட்டையும் நான் திருப்பி அனுப்பினதில்ல மகள்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

இல்லை என்று சொல்லத் தெரியாத சேர் அன்றைக்குத்தான் உதவினார். இரண்டு வீட்டுக்கும் அவரே பேசி, அடுத்த நாள் இருதரப்பையும் மண்டபத்துக்கு வரவழைத்தார். தோட்டத்துக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் அப்பா முருகையா வந்திருந்தார். முகூர்த்தத்தை மாற்ற முடியாது, லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு சொல்லியாகிவிட்டது என்றார். அம்பிட்டியா மாப்பிள்ளையின் அம்மா ஒரு டீச்சர். தங்களுக்குக் கோயிலில் பூசை முடிந்து, மண்டபத்துக்கு வருவதே பகல் சாப்பாட்டுக்குத்தான் என்றார். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று ரோஸ்லின் அக்கா கேட்டார். "விடிய ஏழரைக்கு. தாலி கட்டின கையோட பந்தி. மழைக்கு முந்தி பஸ் மலை ஏறணும். பத்தரைக்கு மேல எங்களுக்கு இங்க வேலை இல்லங்க" என்றார் முருகையா. முதலாளி அப்போதுதான் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார். சனிக்கிழமை நானும் சேரும் போய் ரோஸ்லின் அக்காவோடு கதிரை தூக்கினோம். முருகையா வீட்டுப் பொடியன்கள் சிலர், பஸ் ஹோர்ன் அடித்தும் ஏறாமல், எங்களோடு சேர்ந்து மேசைகளைத் திருப்பிப் போட்டார்கள். மணவறை பின்கதவால் போக, கேக் முன்கதவால் வந்தது. மேடையில் கட்டியிருந்த பூக்களைச் சோடனைக்காரர் பிய்க்கப் போனார். முன்கூட்டியே பார்த்துப்போக வந்திருந்த டீச்சர் அவர் கையைத் தடுத்தார்.

"பூ இருக்கட்டும். அவங்க பிள்ளைக்குப் போட்டது எங்க பிள்ளைக்கும் ஆகும். வாழைமரத்த மட்டும் எடுத்துருங்க."

புது முகம்

அடுத்த திங்களே, ஒரு நேரத்துக்கு இரண்டாவது கல்யாணம் பதியப் போனால் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்து தடுக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். அசலில் இப்படி இருக்கிறதா என்று முதலாளி கேட்கவில்லை.

சில மாதம் கழிந்தது. அந்தப் பிரபலமான மென்பொருள் தன் முகத்தையே மாற்றிவிட்டது. நீலம் வெளிறி, கட்டங்களின் மூலைகள் உருண்டு, ஓரத்திலிருந்த படங்களெல்லாம் இடம் மாறியிருந்தன. ஒஃபிசில் அதைப் பார்த்ததிலிருந்து படியில் காலடி கேட்டாலே முதலாளியோ என்று எட்டிப் பார்த்தேன். நினைத்த மாதிரியே ஒருநாள் முதலாளி லேப்டொப்போடு படியேறி வந்தார். சிவபாலன் சேர் எழுந்து நின்றார். "ஓம்" சொல்ல வாயைத் திறந்தவர் மாதிரி எனக்குத் தெரிந்தது. சேரை முந்திக்கொண்டு நானே கேட்டேன்: "நம்மளோடதையும் இந்த மாதிரி மாத்தணுமா ஐயா?" முதலாளி லேப்டொப்பை என் மேசையில் வைத்துத் திறந்து காட்டினார். மெல்பர்னில் மகளுக்கும் இப்படித்தான் வருகிறதாம், அவளுக்கும் ஒன்றும் பிடிபடவில்லையாம்.

"நம்மளோடத ஏன் மாத்தணும்? அந்தக் கம்பனிக்கு ஒரு போன் போட்டு, நம்மளோடத பாத்துத் திருத்தச் சொல்லுங்க மகள்."

கஸ்டமரின் கண் எதில் பழகியதோ அதுதான் அசல், மற்றதெல்லாம் அதன் நகல் என்பதை அந்தப் பெரிய கம்பனிக்கு யாராவது எடுத்துச் சொன்னால், எங்களைப் போன்றவர்கள் கொஞ்சம் நிம்மதியாகப் பிழைத்துப்போவோம்.