அம்மாவும் முதல் ஷெட்டுச் சாவியும்

"உங்கம்மாளுக்கு என்னதான் ஆச்சு சாமி?" என்று அப்பாவின் அக்கா, பாவாயி அத்தை, கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டுக்கும் பண்ணை கேட்டுக்கும் சும்மா நடந்துகொண்டிருந்தேன். எனக்கு என்ன ஆச்சு என்றே தெரியாத நேரம் அது.

மல்லசமுத்திரம் பக்கம் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. முதல் ஷெட்டு அம்மாவின் பொறுப்பு. அம்மா மலர்விழிக்கு வயது நாற்பத்தாறு. மறதியும் பரபரப்பும் சிறுவயதிலிருந்தே உண்டு. வயதுக்கு வந்த வருடம் புத்தகப்பையைப் பேருந்திலேயே விட்டுவிட்டு வருவாளாம். திமிர் என்றார்கள். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் பால் பொங்கி வழியும். அக்கறையில்லை என்றார்கள். என்னைப் பெற்ற புதிதில், தொட்டிலில் போட்டுவிட்டு வீடெல்லாம் தேடினாளாம். அதை எல்லாக் கல்யாணத்திலும் சொல்லிச் சிரித்தார்கள்.

இந்த வருடம் மாதவிலக்கு முறை தவறியதும் மறதி முற்றியது. ஒருநாள் தண்ணீர்க் குழாயைத் திறக்க மறந்தாள். மதியம் கோழிகள் வாயைப் பிளந்து நின்றன. அப்பா ஷெட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"அந்த ஷெட்டும் இல்லீன்னா நா என்னங்க பண்ணுவேன்?"

"சோத்த ஆக்கீட்டு ஊட்டுல இரு. வயசுக்குத் தகுந்த பொறுப்பு வேண்டாமா?"

அடுத்த வாரம் இரண்டாம் ஷெட்டில் முட்டை குறைந்தது. அப்பா உடனே கால்நடை மருத்துவரை வரவழைத்தார். அவர் போனதும் வேலையாட்களிடம் உருகினார்.

"வயசாயிருச்சில்லப்பா, ஹார்மோன் மாறுது. சத்தம் போடாதீங்க. தீவனத்த நாமதான் மாத்தோணும். பாவம், வாயில்லாத சீவன்."

"அம்மாளுக்கு வாயிருக்கறதுதான் தப்புங்களாப்பா?" என்றேன்.

அப்பா கோழியைப் பார்த்தார். கோழி என்னைப் பார்த்தது. மறுநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சேலத்தில் ஒரு மனநல மருத்துவர் முன் உட்கார்ந்திருந்தோம்.

மருத்துவர், அம்மாவின் பள்ளிக்காலம்வரை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "இது ஏடிஹெச்டி, கவனம் ஒரு இடத்துல நிக்காத கோளாறு. சின்ன வயசிலிருந்தே இருந்திருக்கு. ஹார்மோன் ஏறி இறங்கும்போது சில பெண்களுக்கு அதிகமாகும்."

"தீவனத்துல ஏதாச்சும் மாத்தோணுங்களா?" என்று கேட்டார் அப்பா, மிகுந்த அக்கறையோடு.

"மாத்திரை தர்றேன். நீங்களும் கொஞ்சம் மாறணும்."

அம்மா மட்டும் மெல்லக் கேட்டாள்: "அப்ப அது திமிர் இல்லீங்களா?"

அன்றே சாவி அம்மாவிடம் திரும்பியது. தண்ணீர் திறக்க போனில் அலாரம் வைத்தேன். நான்கே நாளில் சாவி காணாமல் போய் முட்டை அட்டையில் கிடைத்தது. அப்பா வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார். "கெடச்சிருச்சில்ல, உடு" என்றார்.

இப்போது அத்தைக்கு என்னிடம் பதில் இருக்கிறது. கோழிக்குக் கிடைக்கும் மரியாதைகூடக் கிடைக்காத பெண் உங்கள் வீட்டுப் பக்கம் யாராவது இருந்தால், அவளுக்கு இதைச் சொல்லுங்கள். அவள் வீட்டுக்காரருக்குச் சத்தமாகவே படித்துக் காட்டுங்கள்.